சின்னப் பிள்ளைகளின் மர வண்டி: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தேன். இப்போது அண்ணனின் தச்சுப் பட்டறையில் அவர் மரத்தை அறுக்கிறார், நான் தேய்த்து மெழுகு பூசுகிறேன். ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கான வண்டி மட்டும்தான் செய்கிறோம். வாங்க வருகிறவர்களும், வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இது என்ன வண்டி? கார் மாதிரியும் இல்லை, லாரி மாதிரியும் இல்லையே?

ஒரு மரக்கட்டை, இரண்டு அச்சு, நான்கு சக்கரம். அவ்வளவுதான். கட்டை 18 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம். மேலே தொட்டி மாதிரி ஒரு குழி. சக்கரம் 5 செ.மீ. விட்டம். கதவு, ஜன்னல், விளக்கு எதுவும் வரைவதில்லை. லாரியா, பஸ்ஸா, ஆம்புலன்ஸா என்று பிள்ளையே முடிவு செய்துகொள்ளும். காலையில் பஸ்ஸாக ஓடியது சாயங்காலம் சோறு கொண்டுபோகும் தூக்காக மாறும். சிவப்பு விளக்கு வைத்து ஆம்புலன்ஸ் என்று செய்துவிட்டால் அது கடைசிவரை ஆம்புலன்ஸாகவே இருந்துவிடும்.

எந்த வயதில் கொடுக்கலாம்?

உட்கார்ந்து கையால் தள்ள வரும்போதே கொடுக்கலாம், சுமார் ஒரு வயதில். முதலில் சக்கரத்தை வாயில் வைக்கும், கவிழ்த்துப் போட்டுச் சுற்றிப் பார்க்கும். அதுவும் விளையாட்டுத்தான், திருத்த வேண்டாம். 18 மாத அளவில் வண்டியைத் தரையில் சரியாக வைத்துத் தள்ளும். இரண்டு வயதில் வண்டியில் எதையாவது ஏற்றும், அதாவது இரண்டு பொருளைச் சேர்த்து விளையாடத் தொடங்கும். இரண்டரை வயது வாக்கில் ஒரு மரத்துண்டைப் பாப்பா என்று சொல்லி அதற்குச் சோறு ஊட்டும், வண்டியில் உட்கார வைத்து டாக்டரிடம் கூட்டிப்போகும். எல்லாப் பிள்ளைக்கும் மாதக் கணக்கு ஒன்றுபோல் இருக்காது. ஆனால் இரண்டரை வயதைத் தாண்டியும் பாவனை விளையாட்டே எட்டிப் பார்க்கவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, சக்கரத்தை மட்டும் மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பயப்படுத்தச் சொல்லவில்லை. சீக்கிரம் கேட்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

ஒன்றுமே செய்யாத வண்டியை வைத்துக்கொண்டு பிள்ளை எவ்வளவு நேரம்தான் விளையாடும்?

அதிகம் வருவது இந்தக் கேள்விதான். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு ஐப்பசிக் காலை, மழை கொஞ்சம் விட்டிருந்தது. இரண்டே கால் வயதுப் பையன் ஒருவன். அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தார். அவன் வாசலில் கிடந்த சில்வர் ஓக் சருகுகளைப் பொறுக்கி வண்டித் தொட்டியில் அமுக்கி அமுக்கி நிரப்பினான். பெஞ்சின் காலருகே கொண்டுபோய் நிறுத்தினான். அங்கே ஒரு அலுமினியத் தட்டு கவிழ்ந்து கிடந்தது. வண்டியை இரண்டு கையாலும் தூக்கித் தட்டின் மேல் வைத்து, கையை எடுத்துவிட்டு, மூச்சுகூட விடாமல் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் "எட்டு" என்றான். அவனுக்குத் தெரிந்த எண் அது ஒன்றுதான். வண்டியை இறக்கி, சருகைக் கொட்டி, வண்டியின் பின்பக்கத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி "போலாம் ரைட்" என்றான். மறுபடியும் சருகு பொறுக்கப் போனான். மதியச் சாப்பாடு வரை இதேதான்.

எடைபோடும் இடத்தில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து அவன் தினமும் பார்ப்பதை அப்படியே திரும்பச் செய்துகொண்டிருந்தான். சாக்கைத் தராசில் வைத்ததும் எல்லோரும் அமைதியாக முள்ளைப் பார்க்கும் அந்த ஒரு நொடியைக்கூட அவன் விடவில்லை. அந்த வண்டி தானாக ஓடியிருந்தாலோ பாட்டுப் பாடியிருந்தாலோ அவன் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருப்பான். அது சும்மா இருந்ததால் எல்லா வேலையையும் அவனே செய்ய வேண்டியிருந்தது.

எங்கள் மகள் ரயில் விளையாடும்போது என்ஜினைப் பின்னால் வைக்கிறாள். திருத்தலாமா?

தயவுசெய்து திருத்தாதீர்கள். அவள் சரியாகத்தான் வைக்கிறாள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயிலில் நீராவி என்ஜின் பின்னாலிருந்துதான் பெட்டிகளைத் தள்ளும். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கிறது. என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். ஏற்றம் சில இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி. என்ஜின் கீழ்ப்பக்கம் இருந்தால்தான் பெட்டி கழன்று உருண்டுபோகாமல் தாங்கும். 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் ஊட்டி வரையும் ரயில் வந்தது. 2005-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இதெல்லாம் உங்கள் மகளுக்குத் தெரியாது. ஸ்டேஷனில் பார்த்ததை அவள் கை நினைவில் வைத்திருக்கிறது.

சமவெளியிலிருந்து வந்த ஒரு தாத்தா, பேரன் வைத்த என்ஜினை எடுத்து முன்னால் மாற்றிவைத்ததைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டது. தாத்தா நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனாலும் பாவனை விளையாட்டில் பெரியவர்கள் முதலில் கொஞ்சம் பார்க்க வேண்டும், அப்புறம்தான் கை வைக்க வேண்டும்.

வீட்டில் சாலை, பாலம் எல்லாம் வாங்கி வைக்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு கம்பளி போதும். அதைக் கசக்கிப் போட்டால் மலை, மடித்து மடித்துப் போட்டால் கொண்டை ஊசி வளைவு. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவு, கம்பளியில் ஐந்தாறு வந்தால் தாராளம். எங்கள் காப்பகத்தில் மூன்று வயதுப் பெண் ஒருத்தி, இறங்குகிற வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஏறுகிற வண்டிக்கு வழி விடுவாள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி என்பதை யாரும் அவளுக்கு உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. பஸ்ஸின் முன் சீட்டில் அப்பா மடியில் இருந்து பார்த்தது.

பெண் குழந்தைக்கு வண்டியா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள்.

பழைய வழக்கத்தின் மிச்சம் அது. பிள்ளையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பாடும் பிள்ளைத்தமிழில் ஆண் பிள்ளைக்குப் பத்தாவது பருவம் சிறுதேர். பெண் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்று போகும், தேர் கிடையாது. காப்பகத்தில் பதினொரு வருடமும் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே வண்டிக்குத்தான் சண்டை போட்டார்கள். கொடுங்கள். அதே மாதிரி, பையன் வண்டியில் பாப்பா பொம்மையைப் படுக்க வைத்துத் தாலாட்டினால் அதையும் தடுக்காதீர்கள்.

தேரைத் தள்ளி விளையாடுவது நம்மிடம் மிகப் பழையது என்பதையும் அந்தப் பெரியவர்களிடம் சொல்லலாம். தச்சன் செய்த சிறு தேரில் ஏறி ஓட்ட முடியாவிட்டாலும் கையால் இழுத்து மகிழும் பிள்ளைகளைக் குறுந்தொகையின் 61-ஆம் பாட்டு உவமையாகச் சொல்கிறது.

பேட்டரியில் ஓடும், பாட்டுப் பாடும் வண்டி ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடவா?

வேண்டாம், ஆனால் அளவாகக் கொடுங்கள். 2016-இல் அமெரிக்காவின் குழந்தை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் ஒரு ஆய்வு வந்தது. 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேரும் அவர்களின் பெற்றோரும் மின்னணு பொம்மை, சாதாரண பொம்மை, புத்தகம் மூன்றையும் வைத்து வீட்டில் விளையாடியதைப் பதிவு செய்தார்கள். மின்னணு பொம்மை கையில் இருந்தபோது பெற்றோர் பேசிய வார்த்தைகள் குறைந்தன, பிள்ளையும் பெற்றோரும் மாறி மாறிப் பேசிக்கொள்வதும் குறைந்தது. பொம்மையே பேசிக்கொண்டிருக்கும்போது நாம் வாயை மூடிக்கொள்கிறோம். சாதாரண வண்டி கையில் இருந்தால் "டுர்ர்ர்" என்ற சத்தத்தையாவது யாராவது ஒருவர் போட்டாக வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பட்டன் மாதிரி வட்டப் பேட்டரி போட்ட பொம்மையாக இருந்தால் பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு இறுகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அந்தப் பேட்டரி உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே திசுவை அரித்துவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், காத்திருந்து பார்க்கக் கூடாது.

நடைவண்டியும் வாக்கரும் ஒன்றா?

இல்லை. நடைவண்டி மூன்று சக்கர மரச் சட்டம். பிள்ளை தானே எழுந்து, தன் காலில் நின்று, பிடித்துக்கொண்டு தள்ளும். வாக்கரில் பிள்ளையை உள்ளே உட்கார வைக்கிறோம். நிற்கத் தெரியாத பிள்ளைக்கு அது நினைத்த வேகத்தில் ஓடும் சக்தியைக் கொடுத்துவிடுகிறது. படியில் உருண்டு தலையில் அடிபடுவதால் கனடாவில் 2004 முதல் அதற்குத் தடை. நம் மலை வீடுகளை யோசித்துப் பாருங்கள். வாசலைத் தாண்டினால் படி, படியைத் தாண்டினால் அடுத்த வீட்டுக் கூரை. இங்கே வாக்கர் வேண்டவே வேண்டாம். நடைவண்டியும் சமதளத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

சரிவான முற்றத்தில் வண்டி உருண்டு ஓடிவிடுகிறது. பிள்ளை பின்னாலேயே ஓடுகிறான்.

மலையில் இருக்கிறவர்கள் மட்டும் கேட்கும் கேள்வி இது. இதற்காகவே நாங்கள் சக்கரத்தை அதிகம் வழுக்கவிடுவதில்லை. வண்டியை ஒரு பலகையில் வைத்துப் பலகையின் ஒரு முனையை நான்கு விரல் உயரம் தூக்கிப் பாருங்கள். தானாக ஓடினால், அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு துண்டு கம்பளித் துணியை வட்டமாக வெட்டி வையுங்கள். தள்ளினால் போகும், விட்டால் நிற்கும். முற்றம் ரோட்டுப் பக்கம் சரிந்திருந்தால் வண்டியை வெளியே கொண்டுபோக வேண்டாம்.

எந்த மரத்தில் செய்யலாம்?

எங்களுக்குக் கைகொடுப்பது சில்வர் ஓக். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வைக்கும் மரம் என்பதால் இந்தப் பக்கம் அறுவை மில்லில் துண்டுகள் எப்போதும் கிடக்கும். அதிக கனமில்லை, சீவினால் பட்டையாக அழகான வரி தெரியும். யூகலிப்டஸ் கனம் அதிகம், காயும்போது முறுக்கிக்கொள்ளும். பைன் மெத்தென்று இருக்கும், பிள்ளை கடித்தால் பல் பதியும். கர்நாடகத்தின் சன்னபட்ணா மர பொம்மைகளுக்குப் பயன்படுவது நம் வெட்பாலை மரம். கடைசலுக்கு அருமை, ஆனால் மலையில் தேடி அலைய வேண்டும். தோட்டத்தில் நிற்கும் மரத்தைப் பொம்மைக்காக வெட்டக் கிளம்பாதீர்கள். இங்கே மரம் வெட்ட 1955-ஆம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மில்லில் மிச்சத் துண்டு வாங்கினால் போதும்.

எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்பது தச்சர் கணக்கு. நாங்கள் தொடங்கிய வருடம் இதில் அவசரப்பட்டோம். நான்கு மாதம் காய்ந்த பலகையில் பன்னிரண்டு வண்டி செய்து கொடுத்தோம். கார்த்திகை மழையில் மரம் ஊதி ஒன்பது வண்டியின் சக்கரம் அச்சில் இறுகிவிட்டது. ஒரு அம்மா வண்டியைக் கொண்டுவந்து, "பாப்பா ரெண்டு நாளா இதைத் தூக்கிக்கிட்டே நடக்கிறா, அழுகிறா" என்றார். எல்லாவற்றையும் திரும்ப வாங்கி அச்சுத் துளையை 2 மி.மீ. பெரிதாக்கிக் கொடுத்தோம். இப்போது முதலிலேயே அந்த இடைவெளியை விட்டுவிடுகிறோம்.

மரக்கிளையை வட்டமாக அறுத்துச் சக்கரம் போடலாமா? படத்தில் அழகாக இருக்கிறது.

அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெடிக்கும். மரம் காயும்போது, வெட்டுமுகத்தில் தெரியும் வருட வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் வட்டத் துண்டில் விளிம்பிலிருந்து நடுவரைக்கும் கோடாகப் பிளந்துவிடும். அந்தப் பிளவு பிள்ளையின் விரல்தோலைக் கவ்வும். பலகையிலிருந்து வெட்டி எடுத்த சக்கரமே நல்லது.

மழைக்காலத்தில் வண்டியில் பூஞ்சை பிடிக்கிறது.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையிலும், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஆனி, ஆடியிலும் இது வரும். தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவாதீர்கள். வினிகர் தொட்ட துணியால் துடைத்து, அடுப்படியில் அடுப்பை ஒட்டாமல் காற்றாட வையுங்கள். அடுப்புக்கு மிக அருகில் வைத்தால் பிளக்கும். பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைப்பதுதான் பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக்கொடுப்பது. மூங்கில் கூடை நல்லது.

என்ன பூசலாம்? கலர் வேண்டும் என்கிறார்கள்.

நாங்கள் பூசுவது தேன்மெழுகும் எண்ணெயும். தேன் எடுக்கும் ஊர் என்பதால் மெழுகு இங்கேயே கிடைக்கும். ஒரு பங்கு மெழுகு, மூன்று பங்கு எண்ணெய். நேரடித் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் ஊட்டிக் குளிரில் உறைந்து திட்டுத் திட்டாக நிற்கும், அதனால் சூடாக இருக்கும்போதே தேய்த்து முடித்துவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் 'பாயில்டு' என்று எழுதிய ஆளி விதை எண்ணெயில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். வாயில் வைக்கும் பொம்மைக்கு அது ஆகாது.

கலர் வேண்டுமென்றால் மஞ்சள், பீட்ரூட் சாறு முயற்சி செய்யலாம், கொஞ்ச நாளில் வெளுக்கும். கடைப் பெயிண்ட் என்றால் ஈயம் எவ்வளவு என்று டப்பாவில் பாருங்கள். 2016-இல் வந்த விதிப்படி வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கொட்டகையில் கிடக்கும் பழைய டப்பாவைத் தொடவே வேண்டாம். ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைத் தொடுகிற விஷம்.

சின்ன பாகம் எது, பெரிய பாகம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் பொம்மையைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு சிறு குழல் வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுதாக அடங்குவது எதுவும் தொண்டையை அடைக்கலாம். வீட்டில் டாய்லெட் பேப்பர் சுருளின் உள்குழல் போதும், அது இன்னும் கொஞ்சம் அகலம் என்பதால் கூடுதல் பாதுகாப்பு. எங்கள் சக்கரம் 5 செ.மீ. வைத்ததற்குக் காரணம் இதுதான். சக்கரத்தைப் பிடித்து முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள், வாரம் ஒரு முறை. பயணிகளாக உருண்டைத் தலை வைத்த சின்ன மர ஆள்கள் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அந்த உருண்டைத் தலை தொண்டையில் கச்சிதமாகப் பொருந்தும். சுருட்டிய துணிப் பொம்மை போதும். யூகலிப்டஸ் காய், கூழாங்கல் ஏற்றி விளையாடினால் பக்கத்தில் உட்காருங்கள்.

கயிறு: ஒன்றரை வயது வரை ஒரு சாணுக்கு மேல் வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு இழுக்க நீளக் கயிறு கட்டினாலும் தூங்கும் நேரத்தில் கழற்றி எடுத்துவிடுங்கள்.

கடையில் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டுமா?

ஆமாம். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. அண்ணனிடம் கைவினைஞர் அடையாள அட்டை இருக்கிறது, கேட்டால் காட்டுவோம். யாரிடம் வாங்கினாலும் கேளுங்கள்.

எத்தனை வாங்குவது?

ஒன்று. அண்ணன் தம்பி இருந்தால் இரண்டு. 2018-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வில் 36 குழந்தைகளுக்கு ஒரு முறை 4 பொம்மையும் மறுமுறை 16 பொம்மையும் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். இருக்கிறவற்றில் பாதியைப் பரணில் வைத்து மாதம் ஒரு முறை மாற்றிக் கொடுங்கள்.

வாங்க வசதியில்லை. வேறு வழி?

காய்கறி வரும் அட்டைப் பெட்டி. கம்பிப் பின் குத்தியிருந்தால் பிடுங்கிவிட்டு, ஓரங்களைத் துணி நாடாவால் ஒட்டி, முன்னால் ஒரு சாண் கயிறு. சக்கரம்கூட வேண்டாம், சிமென்ட் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். சமவெளியில் நுங்கு வண்டி மாதிரி நமக்குப் பனை இல்லை, ஆனால் கேரட்டும் முட்டைக்கோஸும் விளைகிற ஊரில் பெட்டிக்குப் பஞ்சமில்லை. காப்பகத்தில் எங்கள் முதல் மூன்று வருட வண்டிகள் எல்லாம் பெட்டிகள்தான்.

நாங்களும் கூட உட்கார்ந்து விளையாட வேண்டுமா?

நாளுக்குக் கால் மணி நேரம், போனைத் தள்ளி வைத்துவிட்டு. கற்றுக்கொடுக்க வேண்டாம், பயணியாக இருங்கள். "குன்னூர் ஒரு டிக்கெட்" என்று ஒரு சருகை நீட்டிப் பாருங்கள்.

மூன்று வயது தாண்டிய பிறகு வண்டியை என்ன செய்வது?

இரண்டு மூன்றைக் கொக்கி போட்டு ரயிலாக்கி விளையாடுவார்கள், இன்னும் ஒரு வருடம் ஓடும். அப்புறம் எங்களிடம் கொண்டுவாருங்கள். அண்ணன் அச்சையும் சக்கரத்தையும் மாற்றுவார், நான் தேய்த்துப் புது மெழுகு போடுவேன். நான் வேலை பார்த்த காப்பகத்துக்கு அவை போகும். போன தை மாதம் ஆறு வண்டி போனது.